டீச்சர் எழுதிக் கொடுத்த ஐந்து சொற்கள்

சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் உள்ள என் தையல் கடையில் நடந்தது இது. எங்கள் பக்கம் கல்யாணங்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான் வரும். அந்த நாட்களில் என் கடையில் வந்தவர் உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்காது. எல்லாவற்றிலும் சேலைப் பைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு ஊசியும் கத்தரியும்தான். இப்போது வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருடமாகப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறேன். ஆனால் ஒரு பெண் கடைக்குள் நுழைந்து நேராக என்னைப் பார்த்துப் பேசினால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட கூச்சக்காரன் இந்தத் தொழிலில் எப்படிப் பிழைக்கிறான் என்று கேட்பீர்கள். மனைவியால்தான் பிழைக்கிறேன். கடையின் மூலையில் ஒரு திரை இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் அளவெடுத்து எண்களைச் சொல்வாள். இந்தப் பக்கம் நான் நோட்டில் எழுதுவேன். எண்ணோடு நிறுத்த மாட்டாள். "முப்பத்தெட்டு, அக்கா பூசினாப்ல இருக்காங்க" என்பாள். அப்படியென்றால் தையலுக்கு உள்ளே அரை இன்ச் கூட விட வேண்டும். "கையி ஒத்தநாடி" என்றால் கைக்குழியைக் குறைக்க வேண்டும். வந்தவர் மனம் நோகாது, எனக்கும் வெட்டுக் குறிப்பு கிடைத்துவிடும். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் முப்பது வருடம் ஓடிவிட்டது.

அந்த வாரம் பார்த்து மனைவியின் அக்கா தெலுக் இந்தானில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவி பத்து நாள் துணிமணியோடு பஸ் ஏறிவிட்டாள். போகும்போது, "அளவு ஜாக்கெட்டு கொண்டாந்தா மட்டும் வாங்குங்க. இல்லாதவங்கள நான் வந்ததும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து 'இதே மாதிரி' என்பவர்களுக்கு மட்டும் தைப்பது என்று முடிவு.

அவள் போன மறுநாள் காலையில் ஒரு அம்மாள் வந்தார். எனக்கு யார் என்று தெரியவில்லை. முகம் நன்றாக உருண்டிருந்தது. பாஜு குரோங் என்ற தொளதொள மலாய் உடை போட்டிருந்தார். என் முழியைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

"அடையாளம் தெரியலையா அண்ணே? பரவால்ல. எங்க வீட்டுக் கண்ணாடிக்கே தெரியல."

குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது. இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் டீச்சர். ஒரு காலத்தில் தீபாவளிக்கு மூன்று, ஆசிரியர் தினத்துக்கு ஒன்று என்று ரவிக்கை தைத்துக்கொண்டவர். மூன்று வருடமாக எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. வேறு தையல்காரரிடம் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தோம்.

"அக்கா இல்லீங்களா?"

"தெலுக் இந்தான் போயிருக்கு டீச்சர். வர பத்து நாளாகும்."

"இன்னையோட பதினாலாம் நாள் மகளுக்குக் கல்யாணம்லா" என்றார். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசைமேல் வைத்தார். அரக்கு நிறம், பொன் கரை. மகளே தேடித் தேடி எடுத்ததாம். "நான் சேல கட்டி ரெண்டு வருஷமாச்சு. கட்டறதா இல்லன்னு சொன்னேன். ரவிக்க சரியா வரலேன்னா பாஜு குரோங்க போட்டுக்கிட்டு பின்னால ஒரு மூலையில உக்காந்துக்கிறேன், மேடையில சித்தி நிக்கட்டும்னு சொன்னேன். அன்னைக்கிலேருந்து அவ எங்கூட பேசல. அதான் வந்துட்டேன்."

நான் இன்ச் டேப்பைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"நம்பர் மட்டும் கேக்காதீங்க அண்ணே. மாசா மாசம் ஆஸ்பத்திரில எடை பாத்து, இடுப்பச் சுத்தி டேப்பு போட்டு, நம்பர்னாலே எந்திரிச்சு ஓடிரலாம்னு இருக்கு."

பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்தார். நான் தைத்ததுதான். "இது மூணு வருஷத்துக்கு முந்தின உடம்பு. எங்கெங்க மாறியிருக்குன்னு எழுதித் தரேன். இடுப்பு மறையற மாதிரி நீளமா வச்சிருங்க." நின்றபடியே ஒரு தாளில் மளமளவென்று எழுதினார். எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. "இங்கிலீஷ்ல எழுதிட்டேன். தமிழ்ல எழுத எனக்கே வெக்கமா இருக்கு. இங்கிலீஷ்ல எழுதுனா ஜோக்கு மாதிரி போயிருது. புரியும்தானே?"

"புரியும் டீச்சர்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த பிழை. வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் தலையாட்டிவிடுவது எனக்கு அவ்வளவு பழக்கம். மனைவி பக்கத்தில் இருந்தால், "என்ன டீச்சர் எழுதியிருக்கீங்க?" என்று அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள். அவளும் என்னைப் போல ஆறாவதுதான். ஆனால் அவளுக்குக் கேட்கத் தெரியும்.

அவர் போனதும் தாளை விரித்தேன். ஐந்து வரி. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். பலகையைப் படித்துத்தானே பஸ் ஏறுகிறோம். பஃபலோ ஹம்ப். பிங்கோ விங்ஸ். லவ் ஹேண்டல்ஸ். ஸ்பேர் டயர். மஃபின் டாப். ஒரு எருமை, ஒரு சூதாட்டம், ஒரு காதல், ஒரு டயர், ஒரு கேக். இவற்றில் எதை எங்கே வைத்துத் தைப்பது? 'லவ்' என்ற சொல்லைப் பார்த்ததுமே யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று தாளை மடித்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

கைப்பேசியில் தேடினேன். கேக் படமும் டயர் படமும்தான் வந்தன. என் மகள் ஜொகூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். அவளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் இன்னொரு பெண்ணின் உடம்பைப் பற்றி மகளிடம் எப்படிக் கேட்பது? மனைவியைக் கூப்பிடலாம் என்றால் அவள் ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதிய டீச்சரையே கேட்கலாம். புரியும் என்று சொல்லி அனுப்பியாயிற்றே.

இப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அடுத்த கடைக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் பட்டறை. அதை நடத்துகிறவர் எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று வரை படித்தவர். டீச்சர் எழுதிய தாளைக் காட்ட மனம் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை நம்பிக் கொடுத்தது. அதிலிருந்து டயரையும் கேக்கையும் மட்டும் வேறொரு துண்டுத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டு போனேன்.

"என்ன மச்சான், ஜிம்முல சேரப் போறியா?" என்றார்.

"இல்ல, ஒரு ஆர்டரு. என்ன அர்த்தம்னு சொல்லு."

"எல்லாம் ஒண்ணுதான் லா. குண்டுன்னு அர்த்தம். வெள்ளக்காரன் மூஞ்சிக்கு நேரா குண்டுன்னு சொல்ல மாட்டான். கேக்கும்பான், டயரும்பான், சுத்தி வளைப்பான்." கிரீஸ் கையோடு தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இந்தா இருக்கு ஸ்பேர் டயரு. இருவது வருஷமா கழட்டவே இல்ல."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. எல்லாம் ஒன்றுதான் என்றால் வேலை சுலபம். பழைய ரவிக்கையை வைத்து வரைந்து, கழுத்து, கை, மார்பு, இடுப்பு என்று சுற்றிலும் ஒரு இன்ச் கூட்டி வெட்டினேன். உடம்பு பெருத்தவர்களுக்கு அப்படித்தான் செய்வோம். சேலையோடு வந்த ரவிக்கைத் துணி. அதுபோல வேறு துணி கடையில் கிடைக்காது. கத்தரி வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. பட்டறைக்காரரை நினைத்துத் தைரியப்படுத்திக்கொண்டு வெட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் டீச்சர் போட்டுப் பார்க்க வந்தார். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. திரைக்குப் பின்னால் போனார். நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சும்மா சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. இரண்டாவது கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. துணியை இழுக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு.

வெளியே வந்தபோது அவர் பழையபடி பாஜு குரோங்கில் இருந்தார். ரவிக்கையை நாலாக மடித்து மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் திருத்திய நோட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல வைத்தார்.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க அண்ணே. எனக்குத்தான் சரிவரல. பரவால்ல."

கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சேலையைப் பையில் வைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணில் நீர் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர் வாசல் தாண்டும்வரை நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாழ்க்கையில் பாதி நேரம் அப்படித்தான் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர் முதுகைப் பார்த்துத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"டீச்சர், அந்தத் தாள் எனக்குப் புரியல."

திரும்பினார்.

"புரியும்னு பொய் சொல்லிட்டேன். நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். அஞ்சும் ஒண்ணுதான், குண்டுன்னு அர்த்தம்னு பக்கத்துப் பட்டறையில சொன்னாங்க. ரெண்டு வார்த்தைய மட்டும் வேற தாள்ல எழுதிக் கேட்டேன். உங்க பேர சொல்லல. சுத்தி ஒரு இன்ச்சு கூட்டி வெட்டிட்டேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். காது இரண்டும் சுட்டது. திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு இன்ச்சா?" என்றார். "அஞ்சும் ஒண்ணுன்னா நான் எதுக்கு அண்ணே அஞ்சு எழுதப் போறேன்?" குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. முக்காலியில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் முழு டீச்சராகிவிட்டார். "அந்தத் தாள எடுங்க. ஒண்ணொண்ணா வருவோம்."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குச் சிறுநீரகத்தில் ஒரு நோய். இரண்டு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை. உயிரைக் காப்பாற்றிய மாத்திரைதான், ஆனால் அது உடம்பின் கொழுப்பையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டது. முகம், பிடரி, வயிறு இவற்றில் சேர்த்தது. கை காலில் இருந்ததை எடுத்துக்கொண்டது. எல்லா இடமும் ஒரே மாதிரி பெருத்த உடம்பு இல்லை அது. நான் அவருக்குச் சுற்றிலும் ஒரு இன்ச் கொடுத்தேன். அதனால் கழுத்து ஏறி நின்றது, கை பை மாதிரி தொங்கியது, இடுப்புக் கொக்கி இரண்டு விரல் எட்டவில்லை.

அவர் இடத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். நானோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கே காட்டுகிறார் என்று பார்த்தால்தானே புரியும்? பார்க்க முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், கடை முகப்பில் நின்ற பொம்மையைத் தூக்கிவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். ரவிக்கை மாட்டி வைக்கும் பொம்மை. தலையும் கையும் கிடையாது.

"இதுல காட்டுங்க டீச்சர்."

டீச்சர் பொம்மையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவ ஒல்லியால்ல இருக்கா" என்றார். மெஷினுக்குக் கீழே வெட்டுத் துணி போடும் சாக்கு இருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி உருண்டையாகச் சுருட்டினார். பொம்மையின் பிடரிக்குக் கீழே வைத்தார். நான் குண்டூசி குத்தினேன்.

"பஃபலோ ஹம்ப். எருமத் திமிலு. டாக்டருங்க கூச்சமே இல்லாம மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. மொத தடவ கேட்டப்ப ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல." தன் பிடரியைத் தடவிப் பார்த்தார். பிறகு பொம்மையின் பிடரியைத் தடவினார். "இன்னும் கொஞ்சம்." இன்னொரு துண்டு வைத்தோம். மறுபடி தடவினார். "ம். இவ்ளோதான்."

ரவிக்கையின் கழுத்து ஏன் ஏறி நின்றது என்று எனக்கு அந்த நொடியில் விளங்கியது. அங்கே அகலம் கூட்டுவதில் பயனே இல்லை. ஒரு சின்னப் பிடிப்புப் போட்டு அந்த மேட்டுக்கு ஒரு கிண்ணம் மாதிரி செய்ய வேண்டும்.

பிங்கோ விங்ஸுக்குப் பொம்மைக்குக் கை இல்லை. ஒரு பழைய சட்டையின் கையில் துணியைத் திணித்துத் தொங்கவிட்டோம். "வெள்ளக்காரக் கெழவிங்க கூட்டமா உக்காந்து நம்பர் வெளயாட்டு வெளயாடுவாங்க. ஜெயிச்சா கையத் தூக்கிக் கத்துவாங்க. அப்ப மேல்கையில தொங்குற சதை றெக்க மாதிரி ஆடும். எனக்கு சதையும் போயி வெறும் தோலுதான் ஆடுது. எங்கையி சின்னதாயிருச்சு அண்ணே. நீங்க பெருசாக்கிட்டீங்க." திணித்த துணியில் பாதியை உருவி எடுத்தார்.

அடுத்தது அந்த 'லவ்'. டீச்சரும் கொஞ்சம் தயங்கினார். இடுப்பின் இரண்டு பக்கமும், எலும்புக்கு மேலே, ஆளுக்கொரு துணிச் சுருளை வைத்துக் குத்தினோம். "கைப்பிடின்னு அர்த்தம். யாரு புடிக்கிறதுன்னு கேக்காதீங்க" என்றார். நான் ஏன் கேட்கப் போகிறேன்? அவருடைய வீட்டுக்காரர் வெளியே காரில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்பேர் டயர் எனக்குத் தெரியும் என்றேன். "எங்க காட்டுங்க?" என்றார், வகுப்பில் கேட்பதுபோல. பொம்மையின் வயிற்றைச் சுற்றிலும் ஒரு துண்டைச் சுருட்டிக் கட்டினேன். "சரி. உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார். நான் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்தேன். அப்போது சிரித்தார் பாருங்கள், அதுதான் அன்றைக்கு முதல் முழுச் சிரிப்பு.

"அப்ப மஃபின் டாப்பும் அதான?" என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், நானாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன்.

"இல்ல. கேக்கு வெந்தா தாள் கிண்ணத்துக்கு மேல பொங்கி வழியும்ல? அந்த மாதிரி. டயரு சும்மா நின்னாலும் இருக்கும். இது பாவாடைய இறுக்கிக் கட்டினாத்தான் வரும். நாடாவுக்கு மேல பிதுங்கி நிக்கும். சேல கட்டினா அதுதான் மொதல்ல தெரியும். அதுக்குத்தான் நான் சேலயே கட்றதில்ல."

நான் யோசித்தேன். இது எனக்குத் தெரிந்த விஷயம். முப்பது வருடமாகப் பாவாடைக்கு நாடா கோர்க்கிறவன் நான்.

"அது உங்க உடம்புல இல்ல டீச்சர்" என்றேன். "அது நாடாவோட தப்பு. நாடா கயிறு மாதிரி ஒரே எடத்துல அறுக்குது. நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வச்சு, பக்கத்துல கொக்கி வச்சுத் தச்சுட்டா பிதுங்காது."

அவர் தாளை எடுத்தார். என் மேசையிலிருந்த பென்சிலால் ஐந்தாவது வரியை அடித்தார். "ஒண்ணு கொறஞ்சுது" என்றார்.

எல்லாம் முடிந்தபோது பொம்மை வேறு ஆளாகிவிட்டது. மஞ்சள், பச்சை, ஊதா என்று பத்து வீட்டுச் சேலைத் துண்டுகள் சேர்ந்த உடம்பு. டீச்சர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் நின்று கொஞ்சநேரம் பார்த்தார். தன் முதுகை யாரால் பார்க்க முடியும்?

"இவளப் பாத்தா அவ்ளோ மோசமாத் தெரியலையே அண்ணே."

"பூசினாப்ல இருக்காங்க டீச்சர்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. டீச்சர் சத்தமாகச் சிரித்துவிட்டார். வெளியே காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

அடுத்த இரண்டு நாளும் வேறு துணியைத் தொடவில்லை. ரவிக்கையை முழுக்கப் பிரித்தேன். துணி போதுமா என்பதுதான் பயம். புதிதாக வெட்ட ஒரு சாண்கூட மிச்சம் இல்லை. கையில் நான் தேவையில்லாமல் கூட்டியிருந்ததைக் குறைத்தபோது பக்கத்துக்கு இரண்டு விரல் அகலத்தில் நீளமான துண்டுகள் கிடைத்தன. அதைக் கையிடுக்குக்குக் கீழே, இடுப்பு வரைக்கும் பக்கத் தையலில் வைத்து இணைத்தேன். ஒரு பக்கம் முந்தானை மறைத்துவிடும், மறுபக்கம் கை மறைத்துவிடும். உள்ளே விட்டிருந்த துணியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். சரியாக வந்தது. மார்பில் ஒரு இன்ச்சைப் பிடித்தேன். பிடரியில் பிடிப்புப் போட்டேன். ஒவ்வொரு தையலுக்கும் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கொக்கி இழுத்தது. பிரித்தேன். மறுபடி தைத்தேன்.

வியாழக்கிழமை மனைவி வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்கவில்லை. பொம்மையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னங்க, யாரு இது?"

"டீச்சரு."

நடந்ததைச் சொன்னேன். தாளைக் காட்டினேன். ஐந்து சொல்லுக்கும் பொம்மையில் இடம் காட்டி நானே பாடம் நடத்தினேன். அவள் பொம்மையின் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். "எவ்ளோ மாத்திரை முழுங்கினாங்களோ, பாவம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதயெல்லாம் நீங்களா கேட்டீங்க?"

"ஆமா."

"நம்பவே முடியல லா" என்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் வந்தார். இந்த முறை மனைவி அவரோடு திரைக்குப் பின்னால் போனாள். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். சக்கரத்தைச் சுற்றக்கூட மனமில்லை. ஆறு கொக்கி. ஒன்று. இரண்டு. மூன்றாவது கேட்டது. நான்காவது. ஐந்தாவதில் கொஞ்சம் தாமதம். சரி, போச்சு என்று நினைத்தேன். ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்தடுத்துக் கேட்டன. "கைய தூக்கிப் பாருங்க டீச்சர்" என்று மனைவி மெல்லச் சொல்வது மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, மூச்சு விடுங்க. நல்லா இருக்கு."

அவள் சொன்ன பிறகுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே தெரிந்தது.

டீச்சர் சேலையோடு வெளியே வந்தார். பட்டி வைத்து நான் தைத்த பாவாடை. இடுப்பில் ஒரு பிதுக்கம் இல்லை. கழுத்து அமைதியாக உட்கார்ந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், தையலைப் பார்க்க வேண்டுமே. டீச்சர் கடைக்கு வெளியே போய் கார் பக்கத்தில் நின்றார். அவருடைய வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியவர் கதவைச் சாத்த மறந்துபோய் அப்படியே நின்றார். பின்னால் வந்த லாரிக்காரன் இரண்டு தடவை ஹார்ன் அடித்த பிறகுதான் சாத்தினார்.

நான் வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற ஆள் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு மனைவி விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மணவறையில் மகள் பக்கத்திலேயே நின்றார், முடியும் வரை. தாலி கட்டும்போது அட்சதை போடக் கையைத் தூக்கினார். ரவிக்கை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. மற்றவர்கள் மணமக்களைப் பார்த்தார்கள். நான் அந்தக் கைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சருக்கு அவர் உடம்பைப் பற்றி இருந்த வெட்கம் சின்னது இல்லை. ஆனாலும் அதை ஒரு தாளில் எழுதி, முன்பின் அதிகம் பேசாத ஒரு தையல்காரனிடம் கொடுத்தார். எனக்கு என் படிப்பைப் பற்றி இருந்த வெட்கத்தை நான் இழுப்பறைக்குள் பூட்டி வைத்தேன், அதனால் ஒரு தாய் தன் மகள் கல்யாணத்தில் மூலையில் உட்கார இருந்தார். இப்போதெல்லாம் வருகிறவர்கள் எந்த மொழியில் என்ன சொன்னாலும், விளங்காவிட்டால், "எனக்குப் புரியல, எங்கன்னு காட்டுங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் காது கொஞ்சம் சுடத்தான் செய்கிறது, ஆனால் சொல்லி முடித்ததும் அன்றைக்குப் போலவே மூச்சு எளிதாக வருகிறது.